கீழே இறக்கச் சொன்னவள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஆம்புலன்ஸில் ஒரு நாள்கூட ஏறிப் போனதில்லை. அம்பத்தூர் எஸ்டேட் ஓரத்தில் ஒரு கட்டடத்தின் மாடியில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். "ஆம்புலன்ஸ் சேவை, சொல்லுங்க, எந்த இடத்துல இருந்து பேசறீங்க?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். இதைத் தூக்கத்திலும் கேட்டிருக்கிறேன் என்பது என் வீட்டுக்காரரின் புகார். ஒரு தடவை அவர் பாதித் தூக்கத்தில் "மண்ணூர்பேட்டை" என்று எங்கள் ஊர்ப் பேரைப் பதிலாக வேறு சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெற்றபின் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். போன மாதம் கூப்பிட்டார்கள். புது மென்பொருள் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் ஸ்டெல்லாக்கா என்றார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. போனை எடுத்ததும் கூப்பிடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி விழுகிறது. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது திரையில் தானாக வருகிறது. பதிலைத் தட்டினால் அவசரம் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று அதுவே சொல்லிவிடுகிறது. நாங்கள் மூளையைக் கசக்கிக்கொண்டு செய்ததை அது அலுங்காமல் செய்கிறது. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

டீ குடிக்கும்போது திவ்யா என்ற பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம்.

"ஏன்க்கா, ஸ்கிரீன்ல வர்றத அப்படியே படிச்சா போதுமா? இல்ல, அதைத் தாண்டி நாமளா எதுனா பேசணுமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். பாதி டீ ஆறிப்போய்க் கிடந்தது. அவளுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பல வருஷம், லைன் மாற்றிக் கொடுக்கிற அந்த போர்டுதான் என் உலகம். பிறகு அதைத் தூக்கிவிட்டுத் தானியங்கி மெஷின் வைத்தார்கள். "கணக்குப் பிரிவுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. என் வேலை போனது. அந்தக் குரல் என்னுடையதைவிட இனிமையாக இருந்தது வேறு வயிற்றெரிச்சல். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சர்ச்சில் ஒருவர் சொல்லி, விண்ணப்பம் போட்டேன். நாற்பதை நெருங்கியவளை எடுப்பார்களா என்று சந்தேகம். எடுத்தார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இதயம், நுரையீரல் என்று படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள். என்னோடு சேர்ந்த சின்னப் பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள். எனக்குக் காது மட்டும் பழகியிருந்தது.

எங்கள் ஷிப்டு மேற்பார்வையாளர் பிரான்சிஸ் சார். ஆவடிக்காரர். ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். ராணுவம் என்றதும் மீசையும் அதட்டலும் நினைவுக்கு வருமே, இவரிடம் இரண்டும் கிடையாது. பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நாம் அழைப்பில் இருக்கும்போது பின்னால் வந்து நிற்பார். தன் ஹெட்போனை நம் லைனில் செருகிக் கண்ணை மூடிக்கொள்வார். அவர் கையில் ஒரு சிலேட்டு இருக்கும். ஆமாம், பள்ளிக்கூடத்துச் சிலேட்டுதான், சாக்பீஸோடு. நாம் எதையாவது கேட்க மறந்துவிட்டால், ஒரே ஒரு வார்த்தையை எழுதி நம் கண்ணுக்கு முன்னால் நீட்டுவார். "மூச்சு?" என்று இருக்கும். அல்லது "ரத்தம்?" என்று இருக்கும். கேட்டு முடித்ததும் சட்டைக் கையாலேயே அழித்துவிடுவார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவர் வலது கை மட்டும் வெள்ளையடித்தது மாதிரி இருக்கும். அவர் மனைவி எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ.

முதல் கேள்வி நோய் என்ன என்பது அல்ல, இடம் எது என்பது. அதில்தான் நாங்கள் நிறைய திட்டு வாங்குவோம். "மனுசன் சாவக் கெடக்கறான், நீ தெரு பேரு கேட்டுகினு கீற!" என்பார்கள். லைன் துண்டாகிவிட்டால்கூட இடம் தெரிந்தால் வண்டி போய்விடும், நோய் மட்டும் தெரிந்தால் எங்கே போவது? அதை விளக்கவும் நேரம் இருக்காது. "வண்டி கிளம்பிடுச்சும்மா, நான் கேக்கறதால லேட் ஆகாது" என்று மட்டும் சொல்லுவோம். அது உண்மைதான். நான் கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்வதைப் பார்த்துப் பக்கத்து மேஜையில் குமார் வண்டியை அனுப்பிக்கொண்டிருப்பான். ஆனால் இடத்தை வாங்குவதுதான் பெரும்பாடு. "மாரியம்மன் கோயில் பின்னாடி" என்பார்கள். எந்தத் தெருவில்தான் மாரியம்மன் கோயில் இல்லை? "வந்து கேளுங்க, யாருனா சொல்லுவாங்க" என்பார்கள் சிலர், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

இடத்துக்கு அடுத்தது: முழிப்பு இருக்கிறதா, மூச்சு ஒழுங்காக வருகிறதா. இந்த இரண்டுக்கும் பதில் சரியில்லை என்றால் மேலே எதுவும் கேட்க வேண்டியதில்லை, சிவப்பு. கொட்டுகிற ரத்தம், வேர்த்துக்கொண்டு வருகிற நெஞ்சுவலி, தலை தெரிகிற பிரசவம் இவையும் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்பது மஞ்சள். நாளைக்குக்கூடப் போகலாம் என்பது பச்சை. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இரண்டு அழைப்பு ஒரே நேரத்தில் வந்து, பக்கத்தில் ஒரே ஒரு வண்டி இருக்கும்போதுதான் சிக்கல்.

அப்படி ஒரு நாள். பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையில் பைக்கும் லோடு வண்டியும் மோதிக்கொண்டன. ஒரு விபத்துக்கு ஊரே போன் செய்யும், எல்லா லைனிலும் விளக்கு எரிந்தது. எனக்கு வந்த லைனில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அடிபட்டவர் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார். கால் முறிந்திருக்கிறது, ரத்தம் அதிகமில்லை என்று விசாரித்துக்கொண்டேன். அடுத்த அழைப்பு அதே பூந்தமல்லிப் பக்கம்தான், ஒரு பெரியவர். கோயிலில் பேசுவது மாதிரி மெதுவாகப் பேசினார்.

"ஒண்ணும் அவசரம் இல்லீங்க. எங்க ஊட்ல கேஸ் தொல்லைனு சொல்லுது. தாடைகூட வலிக்குதாம். வேர்த்துக் கொட்டிகினு உக்காந்துகினு கீது. வண்டி எதுனா சும்மா இருந்தா அனுப்புங்க. இல்லன்னாலும் பரவால்ல."

வேர்வை, தாடை வலி. பக்கத்தில் இருந்தது ஒரே வண்டி. பிரான்சிஸ் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சிலேட்டில் எதுவும் எழுதவில்லை. குனிந்து என் காதோரம் சொன்னார்: "கத்தறவன் மூச்சு விட்டுக்கிட்டுதான்மா கத்தறான். சத்தம் வராத பக்கம் காத வை."

பக்கத்து வண்டியைப் பெரியவர் வீட்டுக்கு அனுப்பினேன். விபத்துக்கு ஆவடி வண்டி போனது. அது வந்து சேரும்வரை சென்னீர்குப்பத்து ஜனங்கள் எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்ணெதிரே ஒருவன் துடிக்கும்போது வேறு எங்கோ ஒரு அம்மாள் சத்தமில்லாமல் வேர்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கால் முறிந்தவர் பிழைத்தார். அந்த அம்மாளையும் தகுந்த நேரத்தில் கொண்டு சேர்த்துவிட்டதாக வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனேன்.

பிரான்சிஸ் சாரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. ஒரு மத்தியானம் எங்களை எல்லாம் கூப்பிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பினார். நீளமான குறட்டை. அப்புறம் ஒன்றுமே இல்லை. மறுபடி தொண்டையில் ஒரு இழுப்பு. மறுபடி ஒன்றுமில்லை. குமார் சிரித்துவிட்டான், நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்காமல் இன்னும் இரண்டு தடவை செய்துகாட்டினார். சிரிப்பு அடங்கிவிட்டது.

"இதைக் கேட்டா வீட்டுக்காரங்க தூங்கறாருன்னுதான் சொல்லுவாங்க. தூக்கம் இல்ல. இதயம் நின்ன பிறகு உடம்பு காத்தைத் தேடற சத்தம். இதை மூச்சுன்னு எழுதிடாதீங்க" என்றார்.

இனி திவ்யாவின் கேள்விக்கு வருகிறேன்.

கத்திரி வெயில். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து ஊரே அயர்ந்திருக்கிற பொழுது. நெமிலிச்சேரிப் பக்கத்திலிருந்து அழைப்பு. பேசியவள் சரிதா, அந்த வீட்டு மருமகள். பழைய விவசாயக் குடும்பம், நிலமெல்லாம் மனையாகிவிட்டாலும் வீடு மட்டும் அதே இடத்தில் இருந்தது. அதனால் அடையாளம் சொல்ல அவளுக்குச் சிரமமே இல்லை. இடத்தைச் சட்டென்று சொல்லிவிட்டு, "எங்க மாமனாரு மேடம், சாப்ட்டு படுத்தாரு. எழுப்புனா எழுந்துக்கல. ஆனா தூங்கறாரு மேடம், கொறட்டை வருது" என்றாள்.

"போனை அவர் வாய்கிட்ட கொண்டு போம்மா" என்றேன்.

கேட்டது. நீளமான ஒரு குறட்டை, பிறகு ஒன்றுமே இல்லை. நான் என் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொண்டையில் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். சிவப்பு என்று அடித்தேன், குமார் ஆவடி வண்டியைக் கிளப்பினான். ஆவடியிலிருந்து வண்டி வந்து சேருவதற்குள் இங்கே யாராவது அந்த நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்காவிட்டால், வந்து பயனில்லை.

"வீட்டுல யார் யார்ம்மா இருக்கீங்க?"

"நானும் அத்தையும்தான் மேடம்."

"அவர் எதுல படுத்திருக்காரு?"

"கட்டில்ல. நாடா கட்டிலு."

நைலான் நாடா பின்னிய கட்டிலில் நெஞ்சை அழுத்தினால் கட்டில்தான் உள்ளே போகும், நெஞ்சு போகாது. கெட்டியான இடம் வேண்டும். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன்: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அவரைக் கட்டில்லேருந்து தரையில இறக்கிப் படுக்க வையுங்க."

அப்போதுதான் புதிதாக ஒரு குரல் வந்தது. மாமியார் கன்னியம்மா.

"யாருடி அது? இன்னா சொல்லுது?"

"தரையில எறக்கணுமாம் அத்தை."

"எறக்கறதா? உயிரு கீறப்பவே எறக்கறதா? யாரும்மா நீ? நல்ல வாயே இல்லியா உனுக்கு?"

இந்த மாதிரி நேரத்தில் விவாதம் செய்யாதே, சொன்னதையே திரும்பச் சொல், மூன்றாம் தடவை கேட்பார்கள் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது. திரும்பச் சொன்னேன். "அம்மா, தரையில இறக்குங்க, அப்பதான் காப்பாத்த முடியும்."

"எறக்க மாட்டேன். என் புள்ள வரட்டும். ஆம்புலன்சு வரட்டும். நான் எறக்க மாட்டேன்."

சரிதா தனியாக முயல்வது கேட்டது. அவளால் முடியவில்லை. "அத்தை, ஒரு கை புடி அத்தை" என்று அழுதாள். கன்னியம்மா பிடிக்கவில்லை. பிரான்சிஸ் சார் என் முன்னால் சிலேட்டை நீட்டினார். "தரை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். எனக்கு அந்த வார்த்தையைப் பார்த்ததும்தான் உறைத்தது. சிலேட்டைக் கையால் ஒதுக்கிவிட்டேன். அவரிடம் அப்படிச் செய்தது அது ஒரே தடவை.

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் கட்டிலில் உயிர் பிரியக்கூடாது என்பார்கள். இனி ஆகாது என்று தெரிந்தால் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி, தலையைத் தெற்கே வைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். இறக்கியாகிவிட்டது என்று சொன்னாலே சொந்தக்காரர்கள் புறப்பட்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பயன்? நாங்கள் தினமும் சொல்லுகிற வாக்கியத்தோடு அதை நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. இதற்கு முன்பும் சில வீடுகளில் இறக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆள் கனமாக இருப்பார் என்று நினைத்துக்கொள்வோம். அவர்களும் காரணம் சொன்னதில்லை. கன்னியம்மாதான் வாயைத் திறந்து சொன்னார். நான் அவரைப் புருஷனின் நெஞ்சை அழுத்தக் கூப்பிடுகிறேன், அவர் காதிலோ புருஷனை வழியனுப்பக் கூப்பிடுவதாக விழுகிறது. எந்தப் பெண்டாட்டி அதற்குக் கை கொடுப்பாள்?

இதை எழுத இவ்வளவு நேரம் ஆகிறது. அப்போது ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"அம்மா, இந்த வெயில் காலத்துல அவர் எங்க படுப்பாரு?"

"இன்னாத்துக்குக் கேக்கற?"

"சொல்லுங்கம்மா. கட்டில்லயேவா படுப்பாரு?"

"கட்டில்ல படுத்தா முதுகு வேவுதுன்னுவாரு. தோ, ஃபேனுக்கு நேரா, சிமெண்டு தரையிலதான் உருளுவாரு. இன்னிக்கு இன்னாவோ மேலயே சாஞ்சிட்டாரு."

"அப்ப அவரை அங்க கொண்டு போங்கம்மா. ஃபேனுக்கு நேரா. அது அவர் தூங்கற எடம். யாரும் இறக்கல, அவர் எடத்துல அவரைப் படுக்க வைக்கறீங்க, அவ்வளவுதான்."

அந்தக் குறட்டை மட்டும் தூரத்தில் ஒருதடவை கேட்டது.

"தல?" என்றார் கன்னியம்மா. குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"எப்பவும் எந்தப் பக்கம் வெச்சுப் படுப்பாரு?"

"கெழக்கால."

"கிழக்காலயே வையுங்கம்மா."

"சரிதா, அந்த முனைய புடிடி" என்று ஒரு அதட்டல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது. போர்வையோடு சேர்த்து இழுங்கள், தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இழுக்கிற சத்தம், வளையல் சத்தம், பொத்தென்று ஒரு சத்தம். "படுக்க வெச்சாச்சு மேடம்" என்றாள் சரிதா.

நெஞ்சுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் அடுத்த கையை வைத்து, முழங்கையை மடக்காமல் அழுத்தச் சொன்னேன். நான் எண்ண, சரிதா அழுத்தினாள். கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது, எண்ணிக்கை தளர்ந்தது. ஆளை மாற்றுங்கள் என்று நான் சொல்வதற்குள், "தள்ளுடி, உன் கையில இன்னா பலம் கீது" என்று கன்னியம்மா உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாள் அழுத்திய வேகத்தை நான் எந்தப் பயிற்சியிலும் கேட்டதில்லை. என்னோடு சேர்ந்து எண்ணவும் ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வருவார். நடுவில் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் புருஷனைத் திட்டுவார். "ஏந்துரு. ஏந்துருன்றன்ல. ஒண்ணு, ரெண்டு. சோத்துல உப்பு இல்லன்னு கத்துனியே, இப்போ கத்து. மூணு, நாலு." நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை "எலும்பு ஒடைஞ்சிடப் போவுதும்மா" என்று தயங்கினார்.

"உடைஞ்சா ஒட்ட வெச்சுக்கலாம்மா, நீங்க அழுத்துங்க" என்றேன்.

சைரன் சத்தம் முதலில் எனக்கு போன் வழியாகத்தான் கேட்டது. பிறகு காலடிச் சத்தம், "தள்ளிக்குங்கம்மா" என்ற ஆண் குரல், அதோடு லைன் துண்டாகிவிட்டது. எங்கள் வேலையில் எப்போதுமே இப்படித்தான். வண்டிக்காரர்கள் கதவைத் திறந்ததும் நமக்குக் கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு தடவை ஷாக் கொடுத்ததாகவும் நாடி வந்துவிட்டதாகவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றும் குமாரிடம் வண்டியிலிருந்து சொன்னார்கள். அதற்குமேல் தெரியாது. நாடி வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்களிலும் எல்லாரும் வீடு திரும்புவதில்லை என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். விசாரிக்கவும் கூடாது. அடுத்த அழைப்பு காத்துக்கொண்டிருக்கும்.

பிரான்சிஸ் சார் சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்திருந்தார். "இது எனக்குத் தோணலையேம்மா. எங்க வீட்டுலயும் இறக்கறது கிடையாது" என்றார். அன்று ஷிப்டு மாறும்போது இரண்டு ஷிப்டு ஆட்களையும் நிற்க வைத்து, நடந்ததை என்னையே சொல்லச் சொன்னார். அதற்கப்புறம் எங்கள் அறையில் யாரும் "தரையில இறக்குங்க" என்று முதலில் ஆரம்பிப்பதில்லை. "அவர் கீழ எங்க படுப்பாரு?" என்றுதான் கேட்போம். எல்லா வீட்டிலும் அதற்கு ஒரு பதில் இருந்தது.

ஆகவே திவ்யா, திரையில் வருவதைப் படி. அது உன்னைவிடவும் என்னைவிடவும் மறதி இல்லாதது. ஆனால் எதிர்ப்பக்கம் ஒருத்தர் மாட்டேன் என்றால், அதே வரியை மறுபடி படிக்காதே. அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று ஒரு நொடி கேள். சிலபேர் சொல்லுவார்கள். சொன்னால் அதைப் பிடித்துக்கொள்.

அந்த அழைப்புக்கு அப்புறம் எனக்குக் கன்னியம்மாவை மறக்க முடியவில்லை. ஒருவேளை அவர் புருஷன் பிழைக்காமல் போயிருந்தால், வாழ்நாள் முழுக்க அந்த அம்மாள் என்ன நினைப்பார்? யாரோ ஒருத்தி போனில் ஆசை வார்த்தை பேசி, என் கையாலேயே என் புருஷனை இறக்க வைத்துவிட்டாள் என்று நினைப்பாரா? சர்ச் பூசையில் முழங்கால் போடும்போதெல்லாம் இது வந்து நின்றது. அவருக்காக ஜெபித்தேனா, எனக்காக ஜெபித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வருஷமே ஆடி பிறந்து, கொஞ்சம் காற்று வீச ஆரம்பித்திருந்தது. ஒரு முற்பகலில் என் லைனில் ஒரு அழைப்பு. "எந்த இடத்துல இருந்து பேசறீங்க?" என்றேன்.

"இடம் கெடக்கட்டும். வெயில் காலத்துல எங்க படுப்பாருன்னு கேட்டுச்சே ஒரு பொண்ணு, அது இன்னும் அங்க கீதா?"

அவசர லைனில் இந்தப் பேச்சு பேசக்கூடாது, துண்டித்துவிட வேண்டும் என்பது விதி. பின்னால் பிரான்சிஸ் சார் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பக்கத்து லைன்கள் காலியாக இருப்பதைப் பார்த்தார், தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

"நான்தாம்மா" என்றேன். "அவர்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

"அவரா? அவருக்கு இன்னா, ராசா மாதிரி கீறாரு. என் உயிரைத்தான் எடுக்கறாரு. தரையில படுக்காத, குந்தி எழுந்தா மூச்சு வாங்கும், கட்டில்லதான் படுக்கணும்னு டாக்டரு சொல்லி அனுப்பிச்சாரு. கேக்கறாரா? நான் பொழச்சதே இங்கதான், ஃபேனுக்குக் கீழதான் படுப்பேன்றாரு. புள்ள சொல்லி கேக்கல, மருமவ சொல்லி கேக்கல. நீதான எறக்குன? நீயே ஏத்தி வுடு."

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் வந்துகொண்டிருந்தது. ஐயா, கட்டிலில் ஏறிப் படுங்கள் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். என் வாயிலிருந்து வார்த்தைக்குப் பதிலாக வேறு என்னென்னவோ சத்தம் வந்தது.

"இன்னாம்மா நீ, இதுக்குப் போயி அழுவுற?" என்றார் அவர். "வுடு. ஏறிக்கிறேன்."

போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டார். முனகிக்கொண்டே எழுந்திருப்பது கேட்டது. பிறகு நாடாக் கட்டில் கிறீச்சென்றது. அதைக் கேட்டபிறகுதான் லைனைத் துண்டித்தேன்.